பழகின சட்டி

ஓர்ஃபா லெட்பெட்டர் கோழித் தொடைகளைத் துணியால் ஒற்றிக்கொண்டிருக்கிறாள். ஈரம் இருந்தால் தோல் முறுகாது. அடுப்பில் இருப்புச் சட்டி காய்ந்து ஓரத்தில் லேசாகப் புகைகிறது. உப்பு, மிளகுத் தூள், அவ்வளவுதான். தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைக்கிறாள். வைத்த பிறகு தொடுவதில்லை. யாராவது கரண்டியோடு பக்கத்தில் வந்தால் முழங்கையால் ஓர் இடி. "சும்மா கெட. விடுறப்ப அதுவா விடும்." கோழியிடம் சொல்கிறாளா, வந்தவரிடம் சொல்கிறாளா என்று இதுவரை யாருக்கும் விளங்கியதில்லை.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்தச் சமையலறையில் வேறெதுவும் நடக்காது. இரண்டே தொடை. ஒன்று அன்றைக்கு, மற்றது வெள்ளிக்கிழமை மதியத்துக்கு. தோல் சிவந்து சட்டியை விட்டதும் புரட்டிப் போட்டு, நீளமாக அரிந்த வெங்காயத்தைச் சுற்றிலும் தூவி, நான்காகப் பிளந்த பீச் பழத்தைத் தோலோடு அடுக்கி, இரண்டு கரண்டி வினிகர் விட்டு மூடிவிடுவாள். கோழிக் கொழுப்பும் பழச்சாறும் ஒன்றாகச் சேர்ந்து சுண்டும்போது வருகிற வாசனைக்கு பெல்டன் சாலையில் போகிற நாய்கூட நின்றுவிட்டுத்தான் போகும். கூடவே வெறும் வெள்ளைச் சோறு. வேறென்ன வேண்டும் ஒற்றை ஆளுக்கு?

வயது அறுபத்தாறு. மே முதல் ஆகஸ்ட் வரை பீச் பழக் கொட்டகையில் வேலை. இயந்திரப் பட்டையில் ஓடி வரும் பழங்களில் அடிபட்டதைத் தள்ள வேண்டும். மற்ற பெண்களெல்லாம் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி என்பார்கள். ஓர்ஃபா பட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பக்கத்தில் நிற்பவளிடம் ஊர் வம்பு அளந்துகொண்டிருப்பாள். கை மட்டும் போய்ப் போய் வரும். மேற்பார்வைக்காரர் சந்தேகப்பட்டு ஒருநாள் அவள் தள்ளிய பழங்களை அறுத்துப் பார்த்தார். வெளியே ஒரு வடு இல்லை. உள்ளே கொட்டையைச் சுற்றிக் கன்னங்கரேலென்று இருந்தது.

"எப்படித்தான் கண்டுபுடிக்கிறீங்க?"

"நான் எங்க கண்டுபுடிச்சேன்? அதெல்லாம் கை பாத்துக்கும்."

தள்ளியதில் தேறுகிற பழம் வாளியில் வீட்டுக்கு வரும். வியாழக்கிழமைச் சட்டிக்கு அதுதான்.

சட்டி மாமியாருடையது. கறுத்து, கண்ணாடி போல வழவழத்துக் கிடக்கும். வெந்நீர், ஒரு கை உப்பு, கந்தல் துணி, கடைசியில் பன்றிக் கொழுப்பு ஒரு துளி. இதைத் தவிர அதன்மேல் வேறெதுவும் பட்டதில்லை. பக்கத்து வீட்டு நெல்டா புரூயிட்டின் மருமகள் கல்யாணமான புதிதில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று சோப்பை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போனாள். ஓர்ஃபா போட்ட கூச்சலில் அந்தப் பெண் இன்றுவரை அந்த வாசற்படியை மிதிக்கவில்லை.

"பழகின சட்டிடி இது. சோப்பு பட்டுச்சுன்னா எல்லாத்தையும் மறந்துடும்."

அந்தப் பக்கத்தில் எல்லாப் பெண்களும் இருப்புச் சட்டிக்குச் சோப்புக் காட்ட மாட்டார்கள்தான். ஆனால் ஓர்ஃபா சொன்ன "எல்லாத்தையும்" என்பது வேறு. அது என்னவென்று பெல்டன் சாலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, தனக்கும் புருஷன் ராய்ஸுக்கும் சமைக்க நின்றவள், மூடியைத் திறந்து பார்த்தபோது சட்டியில் எட்டுத் தொடை இருந்தது. ஓரத்தில் ஆறு, நடுவில் இரண்டு. யாருக்காக வைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பீச் பழம் குழையத் தொடங்கிய நேரத்துக்குப் போலீஸ் கார் வந்து நின்றது. டிராக்டர் கவிழ்ந்து ராய்ஸ் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் அந்த எட்டையும்தான் சாப்பிட்டார்கள்.

அதற்கப்புறம் பதினோரு தடவை. இரண்டுதான் வைத்தோம் என்று நம்பிக்கொண்டிருப்பாள், திரும்பிப் பார்த்தால் எட்டு. பழம் குழையும்போது போன் அடிக்கும். இன்ன வீட்டில் இன்னார் என்று சேதி வரும். சட்டியைத் துண்டில் சுற்றி, துண்டின்மேல் தன் பேர் எழுதிய சீட்டைக் குத்தி, காரில் ஏறுவாள். சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. பாத்திரம் திரும்பி வர வேண்டுமே என்று எல்லோரும் பேர் ஒட்டித்தான் அனுப்புவார்கள். ஆனால் மற்றவர்கள் அடுப்பு மூட்டுவதற்குள் ஓர்ஃபாவின் சட்டி சுடச்சுட மேஜையில் இருக்கும். அந்த முதல் ஆளாய்ப் போய் நிற்பதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. வெளியே சொல்ல மாட்டாள்.

ஒஹாயோவிலிருந்து புதிதாக வந்த போதகருக்கு இந்த வழக்கம் தெரியாது. ஒரு சாவு வீட்டில், சட்டிமேல் சீட்டில் இருந்தது செத்தவர் பேராக்கும் என்று நினைத்து, 'நம் சகோதரி ஓர்ஃபாவின் ஆன்மா சாந்தியடையட்டும்' என்று உருக்கமாக ஜெபம் செய்தார். பின்வரிசையிலிருந்து ஓர்ஃபாதான் முதலில் 'ஆமென்' சொன்னாள்.

யாருக்காவது சளி பிடித்து நாலு நாள் படுத்தால் போதும், "ஓர்ஃபா இன்னிக்கு எத்தன வச்சா?" என்று கடையில் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அவள் காதில் விழுந்தால் பொரிந்து தள்ளுவாள். "ஏன், நான் என்ன சாவையா அடுப்புல வச்சு வேகவைக்கிறேன்?"

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை அது நடந்தது. நெல்டாவின் புருஷன் டெல்மருக்கு அன்று கொலம்பியா நகரத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். மகன் கூடப் போயிருந்தான். நெல்டா கணுக்கால் உடைந்து மாவுக்கட்டோடு இருந்ததால் போக முடியவில்லை. போதாக்குறைக்கு அந்த வாரம் இடி விழுந்து அவள் வீட்டுப் போன் செத்துக் கிடந்தது. ஆபரேஷன் முடிந்ததும் ஓர்ஃபா வீட்டுக்குப் போன் செய்வதாக மகன் சொல்லியிருந்தான். அதனால் மத்தியானத்திலிருந்தே நெல்டா ஓர்ஃபாவின் சமையலறையில் ஒரு நாற்காலியில் தானும் இன்னொன்றில் தன் காலுமாக உட்கார்ந்திருந்தாள். சுவரில் மாட்டியிருந்த போனைப் பார்க்கக் கூடாது என்பதற்காகப் பேசிக்கொண்டே இருந்தாள். டெல்மரின் குறட்டை, டெல்மரின் நாய், முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் துண்டைக் கொடியில் போட்டதில்லை என்பது. ஓர்ஃபா உம் கொட்டிக்கொண்டே அடுப்பு வேலையைப் பார்த்தாள்.

திடீரென்று பேச்சு நின்றது.

"ஓர்ஃபா."

"ம்."

"சட்டியப் பாரு."

ஓர்ஃபா பார்த்தாள். ஓரத்தில் ஆறு, நடுவில் இரண்டு.

"நான் ரெண்டுதான் எடுத்தேன்" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"நீதான் எடுத்த. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பேச்சு வாக்குல எண்ணாம வுட்டுட்டேன், பாவி."

"நீ இருக்கேன்னு கூட வச்சிருப்பேன்டி."

"ரெண்டு பேருக்கு நாலு. எட்டு யாருக்கு?" நெல்டாவின் முகம் வெளிறிவிட்டது. "எடுத்துடு. அடுப்ப அணை. எடுன்னு சொல்றேன்ல!"

ஓர்ஃபா அடுப்பை அணைத்துவிட்டு இடுக்கியால் ஒன்றைப் பற்றி இழுத்தாள். வரவில்லை. இன்னொன்றை இழுத்தாள். அதுவும் வரவில்லை. எட்டும் சட்டியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. அணைத்த பிறகும் சட்டி சீறுவது மட்டும் குறையவில்லை. வெளியே தென் கரோலினாவின் ஆகஸ்ட் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நாற்பது வருஷமாகத் தான் சொல்லி வந்த வார்த்தை ஓர்ஃபாவின் வாய் வரை வந்தது. விடுறப்ப அதுவா விடும். அவள் அதைச் சொல்லவில்லை.

"பழத்தையாவது போடாத" என்று நெல்டா கெஞ்சினாள். "பழம் குழையிறப்பதான அடிக்கும்? போட்டாத்தான குழையும்?"

ஓர்ஃபா பலகையைப் பார்த்தாள். பலகை காலியாக இருந்தது. தொடைகளுக்கு நடுவே பீச் துண்டுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அவள் வலது கையில் பழச்சாறு பிசுபிசுத்தது.

 பிறகு நெல்டா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு தட்டு எடு" என்றாள்.

"எதுக்கு?"

"உன் கை இத யாரு வீட்டுக்கோ கொண்டுபோகத்தான செய்யுது? என் வீட்டுக்குத்தான் வரப்போவுது. கொண்டுபோக ஒரு எலும்புகூட இல்லாம பண்ணிடுவோம். உக்காருடி."

மறுபடி இழுத்தபோது தொடைகள் சட்டென்று விட்டன. உள்ளே சரியாக வெந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. சோறு இல்லை, முள் கரண்டி இல்லை. வாய் பொத்துப்போகிற சூட்டில் கையாலேயே பிய்த்துத் தின்றார்கள். நெல்டா அழுதுகொண்டே மென்றாள். மூன்றாவதில் ஓர்ஃபாவுக்குக் குமட்டியது.

"முழுங்கு. என் டெல்மருடி அது. முழுங்கு!"

முழுங்கினாள். நாலும் நாலும் எட்டு எலும்பு தட்டில் விழுந்தன. பழத் துண்டுகளையும் வழித்துத் தின்றார்கள். சட்டியில் எண்ணெயும் சாறும் மட்டும் மினுமினுத்தன.

அப்போது போன் அடித்தது.

மாவுக்கட்டோடு எழ முடியாமல் நெல்டா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "எடு ஓர்ஃபா. ஐயோ, எடேன்!"

ஓர்ஃபா எடுக்கவில்லை. சட்டியைத் தூக்கித் தொட்டியில் வைத்தாள். பச்சைச் சோப்புப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பீய்ச்சினாள். சூட்டில் அது பொங்கி நுரைத்தது. கம்பி நாரை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

"ஏய்! அது சோப்புடி!"

"தெரியும்."

மாமியாரும் அவளும் அறுபது எழுபது வருஷம் ஏற்றிய கறுப்பு, சாந்து போலக் கரைந்து குழாயடியில் ஓடியது. கை விரல் தோல் உரிந்தது. ஒன்பது தடவை அடித்தது போன். அடியில் சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு தெரிந்ததும்தான் நாரைப் போட்டாள். நுரை வழியும் கையால் போனை எடுத்து நெல்டாவின் காதில் வைத்தாள்.

அப்பா கண் முழித்துவிட்டார், நாய்க்குச் சோறு வைத்தாயா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார் என்றான் மகன். நெல்டா சிரித்தாளா, அழுதாளா என்று சொல்ல முடியாது. ஓர்ஃபா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை ஐவி டில்லார்ட் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். ஓர்ஃபாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். அந்த வியாழக்கிழமை ஓர்ஃபாவின் சட்டியில் இரண்டே தொடைதான் இருந்தது. போன் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்தான் சேதி தெரிந்தது. கடையில் வாங்கிய கேக்கோடு போனாள். மேஜை நிறையப் பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பேர். கேக்கை வைக்க இடம் தேட வேண்டியிருந்தது.

"சட்டி எங்க ஓர்ஃபா?" என்று ஐவியின் மகள் கேட்டாள். கேட்ட விதத்தில் கோபம் இருந்தது.

"அதுக்கு ஞாபகம் போயிடுச்சும்மா."

வருகிற வழியெல்லாம் காரில் அழுதாள். ஐவியின் வீட்டில் முதல் ஆளாய் நிற்க வேண்டும் என்று அவள் மனசில் எப்போதும் இருந்தது.

இப்போது தொடைகள் ஒட்டிக்கொள்கின்றன. தோல் கிழிகிறது. நெல்டா வந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, கந்தல் கோழி?" என்கிறாள். கொழுப்புத் தடவி நாலு தடவை அடுப்பில் சூடேற்றினால் சட்டி பழகிவிடும் என்று ஊரில் எல்லோரும் சொல்லிப் பார்த்தாயிற்று. இன்னும் சிலர், முக்கியமாக வீட்டில் நோயாளி இருப்பவர்கள், தணிந்த குரலில், திரும்பப் பழக்கிவிடேன் என்று கெஞ்சியும் பார்த்தார்கள். தெரிந்துகொள்வது நல்லதில்லையா என்கிறார்கள். ஓர்ஃபா கொழுப்பு டப்பாவைத் தொடுவதே இல்லை.

ஆனால் இரும்பு சும்மா இருப்பதில்லை. வாரா வாரம் கோழிக் கொழுப்பைக் குடித்துவிட்டு, நடுவில், உள்ளங்கை அகலத்துக்குத் தானாகவே கறுக்கத் தொடங்குகிறது.

இன்றும் சாப்பிட்டு முடித்தாள். சட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, நடுவில் விரலை வைத்தாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது. வேலிக்கு அந்தப் பக்கம் டெல்மர் தன் நாயைப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். அவர் திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு இடது கையை நீட்டிப் பச்சைப் புட்டியை எடுத்து, சட்டியின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தாள்.