மூன்றாவது அழைப்பு

ஒரு ஜப்பானிய அனிமே தொடரை முழுவதும் பார்த்து முடித்த பிறகுதான் அதன் மூலமான மாங்கா படக்கதைப் புத்தகங்களை வாங்கினேன். கதாநாயகி தாழ்ப்பாளில் கை வைத்து நிற்கும் இடத்தில் தொடரை நிறுத்திவிட்டார்கள், படுபாவிகள். மலையடிவாரத்து ஊர் ஒன்றில், வீட்டு மனிதர்களின் குரலிலேயே வெளியிலிருந்து ஏதோ ஒன்று கூப்பிடும். பதில் சொன்னவர்கள் மறுநாள் இருக்கமாட்டார்கள். கதை அவ்வளவுதான்.

எனக்கு அது ஜப்பான் கதையாகவே தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாத, வாசல் நிலையில் குருத்தோலைச் சிலுவை செருகி வைத்திருக்கும் என் அம்மா, வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தரத்துக்குத்தான் வாய் திறப்பாள். “காத்துக் கருப்பு ரெண்டு தரத்துக்கு மேல கூப்பிடாதுடி” என்பாள். நான் கேலி செய்வேன். ஆனால் நானும் மூன்று வரை எண்ணிவிட்டுத்தான் ‘வாரேன்’ என்பேன்.

அனிமேயில் ஒரு சௌகரியம் இருந்தது. பொய்க்குரல் வரும்போது அடியில் மெல்லிய இரைச்சல் ஓடும்; நாம் உஷாராகிவிடலாம். புத்தகத்தில் இரண்டு குரலுக்கும் ஒரே பேச்சுக் குமிழ், ஒரே எழுத்து. குரலை நாமே கொடுக்க வேண்டும். நான் எங்கள் வீட்டுக் குரல்களைக் கொடுத்தேன்.

போன செப்டம்பரில் ஒரு மதியம், அம்மா நத்தத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான். “அவரு எந்திரிச்சா கூடவே போ. தனியா விட்றாத” என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார். சிறுமலைப் பக்கமிருந்து ஏறிய மேகம் மூன்று மணிக்கே வீட்டை இருட்டாக்கியது. கரண்டும் போனது. ஃபேன் நின்றதும் வீடு அப்படியே அடங்கிப்போனது. நான் ஜன்னலோரம் ஐந்தாவது புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். கதாநாயகியின் அப்பா வெளியிலிருந்து கூப்பிடும் இடம்.

“பாப்பா.”

கொல்லைப்புறத்திலிருந்து வந்தது. என் அப்பாவின் குரல். அவர்தான் அறைக்குள் தூங்குகிறாரே என்று நினைத்துக்கொண்டேன். ஒன்று என்று எண்ணினேன். காக்கைச் சத்தம்கூட இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “பாப்பா, செத்த வா.”

இரண்டு. புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. வராததில் எனக்கு நிம்மதிகூட வந்தது. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. மறுபடி புத்தகத்தை எடுத்து, ஜப்பான் வழக்கப்படி இடமிருந்து வலமாக ஒரு பக்கம் புரட்டினேன். அந்தப் பக்கத்தில் கதாநாயகி தன் அப்பாவின் அறையைத் திறக்கிறாள். கட்டில் காலியாக இருக்கிறது.

எழுந்து ஓடி அப்பாவின் அறையைத் திறந்தேன். கட்டில் காலி. ஊன்றுகோலும் இல்லை.

கொல்லையில், குளியலறைப் படிக்குக் கீழே விழுந்து கிடந்தார். சிமெண்ட் தரையில் ரத்தம். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று அறையின் பின்கதவு வழியாகத் தனியாகப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அவர் தலையை என் துப்பட்டாவால் அழுத்திப் பிடித்தபடி அழுதேன்.

“ரெண்டு தரம் கூப்பிட்டீங்கப்பா. நாந்தான் மூணாவதுக்குக் காத்திருந்தேன்.”

“ரெண்டா?” என்றார். “விழுந்ததுக்கப்பறம் ‘செத்த வா’ன்னு ஒரு தரந்தான கூப்பிட்டேன். அதுக்கே மூச்சு வாங்கிருச்சு.”

ஆறு தையல். பிழைத்துக்கொண்டார். முதலில் கூப்பிட்டது யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு எழுந்து போயிருந்தால், அவர் விழும் முன்பே கொல்லையில் இருந்திருப்பேன்.

ஆறாவது புத்தகத்தை இன்னும் பிரிக்கவில்லை. இப்போதெல்லாம் முதல் அழைப்பிலேயே ‘வாரேன்’ என்று எழுந்துவிடுகிறேன். அம்மா திட்டுகிறாள். சில நாள் போய்ப் பார்த்தால் கொல்லையில் யாரும் இருப்பதில்லை. அப்போதும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.