ஆடியில் முடிந்த முப்பது நாள்

அண்ணாச்சியின் கணினித் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்து நின்றதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கட்டத்தை எழுதியவனே நான்தான். தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டே, ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தேன். அண்ணாச்சி ஊரறிந்த கல்யாணத் தரகர். அதைக் கேட்டு வந்த முதல் ஆள். வாங்கும் முன் பழகிப் பார்க்கட்டும் என்று கொடுத்தேன். ஆனால் பிரதி எடுத்துக் காரியாபட்டி வரைக்கும் பரப்பிவிடுவாரோ என்ற பயத்தில், ஏற்றிய முப்பதாம் நாள் அது தானாகப் பூட்டிக்கொள்ளும்படி செய்திருந்தேன். இன்றைய செயலிகள் எத்தனை நாள் பாக்கி என்று முதல் நாளே சொல்லிவிடுகின்றன. நான் மூச்சுவிடவில்லை. சொன்னால் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிடுவாராம்! சந்தேகப்பட்டதென்னவோ உண்மைதான்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில், நல்ல நேரம் பார்த்து ஏற்றச் சொன்னார். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. மறுநாள் துண்டைப் போட்டு மூடியவர் ஆடி முழுக்க அதைத் தொடவில்லை. ஆடியில் யார் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் திருச்சுழியிலிருந்து ஒரு தகப்பனார் மகளின் ஜாதகத்தோடு வந்தார். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போன பெண். இந்த இடம் ஏறக்குறைய முடிந்த மாதிரி. பொருத்தம் பார்ப்பது மட்டும்தான் மிச்சம். அண்ணாச்சி பெருமையோடு துண்டை எடுத்து, இரண்டு ஜாதகத்தையும் தட்டினார். பொருத்தம் சொல்லவேண்டிய இடத்தில்தான் என் பூட்டு. கணினி கத்தியது. திரையில் சிவப்பு.

"மிசினே ஆகாதுங்குது. விடுங்க அண்ணாச்சி, எம்பிள்ள தலையெழுத்து அம்புட்டுதான்" என்று தகப்பனார் எழுந்துவிட்டார்.

அண்ணாச்சி போன் போட்டு நான் ஓடிப்போனபோது, அவர் பிடித்து நிறுத்தியும் கேளாமல் தகப்பனார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கரண்டுக் கோளாறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"ஐயா, அது ஜாதகம் பாத்துச் சொன்னதில்ல. முப்பது நாள்ல பூட்டிக்கிற மாதிரி நாந்தான் வச்சிருந்தேன்."

பூட்டை எடுத்து மறுபடி ஓட்டிக் காட்டினேன். பத்துக்கு எட்டுப் பொருத்தம். அவர் நம்பவில்லை. அண்ணாச்சி பழைய பஞ்சாங்கத்தை எடுத்துக் கையால் கணித்துக் காட்டிய பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அண்ணாச்சி என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

"முப்பது நாளுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஆடி கழிச்சு ஏத்தியிருப்பம்ல தம்பி?"

"இனிமே பூட்டே கிடையாது அண்ணாச்சி. சும்மாவே வச்சுக்கங்க."

"வேணாம்யா. பொம்பளப் பிள்ளைக காரியம். அழிச்சிட்டுப் போ."

மாதக்கணக்கில் எழுதியதை நானே உட்கார்ந்து அழித்தேன்.

"எல்லாம் போயிருச்சா?"

"போயிருச்சு அண்ணாச்சி."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, போய்விட்டதா என்று தானே தட்டிப் பார்த்தார்.