என் கணவர் பிறந்த வருடமும் ஒரு ட்ராக்டரும்

என் கணவர் பிறந்த வருடம் யாருக்கும் தெரியாது. மாதம் தெரியும்: ஐப்பசி, விடாத மழை. வருடத்துக்கு என் மாமியார் விட்டுப்போன ஒரே ஆதாரம், "ட்ராக்டர் புதுசா வந்து பத்தாம் நாளு பொறந்தவன்" என்கிற பேச்சுதான். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். ட்ராக்டர் இன்னும் இருக்கிறது.

புதுச்சேரிக்குள் பிறந்திருந்தால் இந்தப் பாடு இல்லை. என் அப்பாவிடம் பிரெஞ்சுக்காரர்கள் காலத்து எத்தா சிவில் என்கிற பிறப்புப் பதிவுக் காகிதம் இருக்கிறது. பிறந்த மணி வரை அதில் உண்டு. இவர் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில், வீட்டிலேயே. பள்ளியில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லியிருக்கிறார் வாத்தியார். இவர் சுலபமாகத் தொட்டுவிட்டார். பையன் நல்ல உயரம், ஆறு வயது இருக்கும் என்று அவரே முடிவு செய்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டதுபோல ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிட்டார். அந்தத் தேதியை நம்பித்தான் அரசாங்கம் இந்த ஜூனில் அறுபது முடிந்ததென்று இவருக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியது.

அரசாங்கத்துக்கு அது போதும். அறுபதாம் கல்யாணத்துக்குப் போதாது. நிஜமாகவே அறுபது முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்து பயனில்லை என்று ஜோசியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்கு அந்தக் கல்யாணம் இந்த வருடமே நடந்தாக வேண்டும். காரணம் என் அப்பா. நாங்கள் வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவர்கள். "உன் கழுத்துல தாலி ஏறனத நான் பாக்கல. பாக்காத கல்யாணத்துக்கு அவன் வீட்ல வந்து கை நனைக்க மாட்டேன்" என்று அப்போது சொன்னார். கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. நான் அரியாங்குப்பத்தில் அப்பா வீட்டுக்குப் போனால் வாய் ஓயாமல் பேசுவார், இவரோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பார், என் பிள்ளைகளைத் தோளில் போட்டுத் தூக்கியவர். ஆனால் ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. சொன்ன சொல் அவர் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அறுபதாம் கல்யாணம் என்றதும், "தாலி கட்டுவாங்க இல்ல? அப்ப வரேன்" என்றார். அவருக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. போன மழைக்காலத்தில் நெஞ்சுச் சளியோடு இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

ட்ராக்டர் இவருடைய அண்ணனிடம் இருக்கிறது. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார்; பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது வண்டி. எப்போது வாங்கினார்கள் என்று கேட்டால், "நான் மூணாவது படிச்சப்ப" என்பார். ஒவ்வொரு வகுப்பையும் நிதானமாக இரண்டு வருடம் படித்தவர் என்பதால் அது ஆதாரமாகாது. ஆர்.சி. புத்தகம் உண்டு. வயலில் ஓடுகிற வண்டிக்கு அது எதற்கு என்று பல வருடம் விட்டுவிட்டு, டிரெய்லர் மாட்டிச் செங்கல் ஏற்றத் தொடங்கிய பிறகு எடுத்தது. தயாரித்த வருடம் என்ற இடத்தில் வெறும் கோடு.

"வண்டியில கம்பெனி தகடு இருக்கும்மா. அதுல எல்லாம் போட்டிருப்பான்" என்றார்.

தகடு இருந்தது, உள்ளங்கை அகலத்தில். ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இந்தக் குடும்பம் சந்தனமும் குங்குமமும் வைத்தது அந்தத் தகட்டின் மேல்தான். பொட்டு வைக்கத் தோதாக வண்டியில் தட்டையாக இருந்த இடம் அது ஒன்றுதானாம். வைப்பதற்கு முன்னால் எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்ப்பார்களாம். நான் தின்னர் நனைத்த துணியால் துடைத்தேன். ஓரத்தில் கம்பெனிப் பெயர் வந்தது. நடுவில், எண்ணும் வருடமும் இருந்த இடம் எவர்சில்வர் தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

"சாமி கும்பிட்டே அழிச்சிருக்கீங்க, மாமா" என்றேன்.

"பக்திம்மா" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

பிறகு இவர் இன்டர்நெட்டில் தேடி ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியின் பெரிய இரும்புப் பாகங்களில், அவற்றை வார்த்த தேதியே எழும்பி நிற்குமாம். மறுநாள் கம்பி பிரஷும் டீசலுமாகப் போனோம். முதலில் என்ஜின். மசிப்பிசுக்கெல்லாம் போனதும் தேதி தெரிந்தது. விரல் விட்டு எண்ணினேன். அந்தக் காலத்தில் புக் பண்ணிக் காத்திருந்து, செய்த கையோடு வந்த வண்டி. ஆக, செய்த வருடம்தான் வந்த வருடம். அப்படியானால் வரும் ஐப்பசியில் அறுபது முடிகிறது. சின்னப் பெண் மாதிரி கை தட்டினேன். எந்த மண்டபம், எத்தனை பேர் என்று அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டேன்.

இவர் சும்மா இருந்திருக்கலாம். ஆயுசு முழுக்க ஆபீஸில் ஃபைல் பார்த்த மனிதர், ஒரே ஒரு காகிதத்தை நம்ப மாட்டார். கியர் பாக்ஸையும் தேய்த்தார். அதில் என்ஜினுக்கு இரண்டு வருடம் பிந்திய தேதி இருந்தது. பின் ஆக்ஸிலைத் தேய்த்தார். அங்கும் கியர் பாக்ஸின் வருடம்தான்.

"என்ஜின் மட்டும் எப்படிண்ணா ரெண்டு வருஷம் பழசு?" என்று கேட்டார்.

அண்ணன் டீ வாங்கப் போய்விட்டார். திரும்பி வந்ததும் இவர் மறுபடி கேட்டார்.

"மாத்தனதுடா. அப்பா காலத்துலயே என்ஜின் பிளாக் வெடிச்சுப்போச்சு, வேற பழைய வண்டியோடத எடுத்து வெச்சோம். அது சந்தோஷமா மண்டபம் பேசினு இருக்குது, நான் எதுக்கு வாயத் தொறக்கணும்னு இருந்துட்டேன்."

ஆக, வரும் ஐப்பசியில் இவருக்கு ஐம்பத்தெட்டுதான் முடிகிறது. நாலு வயது நிரம்புவதற்குள் காதைத் தொட்டிருக்கிறார். கை நீளமான ஆளைக் கட்டியிருக்கிறேன் என்று வெளியே சொல்லவா முடியும்? "ரெண்டு வருஷ சர்வீஸ் போச்சே" என்று மட்கார்டில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. "உங்கள யாரு கியர் பாக்ஸ தேய்க்கச் சொன்னது?" என்று கத்தினேன். என்ஜின் தேதியை மட்டும் ஜோசியரிடம் சொல்லிவிடலாம் என்று அண்ணன் எடுத்துக் கொடுத்தார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இவர் ஆயுசுக்காகச் செய்கிற காரியம்; அதில் பொய் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன். தகடு, என்ஜின், கியர் பாக்ஸ் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"அப்ப இன்னும் ரெண்டு வருஷமா?"

"ஆமாம்ப்பா."

"அவ்ளோ நாளு நான் தாங்க மாட்டேம்மா" என்றார், இந்தப் பக்கம் பஸ் வராது என்று சொல்கிற குரலில். நான் முந்தானையில் மூக்கைத் துடைத்தேன்.

பிறகு கேட்டார்: "வர்ற ஞாயித்துக்கெழம உங்க வீட்ல என்ன கொழம்பு?"