சீமைக் காரும் ஒத்தைக் கம்பியும்

கிட்ட வந்து உட்காருங்க. ஸ்பானர் பிடிச்சுக் கை காய்ச்சவங்களுக்குத்தான் இது புரியும்: பழைய காரில் இஞ்சினைக்கூடச் சரி பண்ணிடலாம், யாருமே தொடாத பொடிக் கம்பி ஒண்ணுதான் ஆளை ஆட்டி வைக்கும்.

வெயிலில் ஹீட்டர்

நன்னிலம் பக்கம் நெல் விவசாயம் பண்ற கலியமூர்த்தி, தன் அப்பா காலத்துச் சீமைக் காரைத் தஞ்சாவூருக்கு என் பட்டறைக்கு ஓட்டிக்கிட்டு வந்தார். ஹீட்டர் ஓடணுமாம். வெளியே ஆவணி வெயில் மண்டையைப் பிளக்குது. நான் சிரிச்சேன், அவர் சிரிக்கல. மகளை ஊட்டியில கட்டிக் கொடுத்திருக்கார். போன தடவை மலைமேல கண்ணாடியில பனி மூடி, ஒரு வளைவுல வண்டி பள்ளத்து ஓரம் போயிடுச்சு. ஹீட்டர் காத்து அடிச்சாத்தான் கண்ணாடி தெளியும். கூட வந்த அவர் சம்சாரம் பார்வதி அம்மா முடிவாச் சொல்லிட்டாங்க:

"இந்தத் தடவை ஓடலன்னா வண்டியை வித்துடணும் மேஸ்திரி. இவரு அழுதாலும் சரி."

என் கைவேலை

இஞ்சினோட சுடுதண்ணி ஹீட்டருக்கு வர்ற குழாயில ஒரு வால்வு. அதைத் திறந்து மூட, டாஷ்போர்டு லீவர்லேருந்து ஒரு கேபிள். அது துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு. வெட்டிப் போட்டுட்டு சைக்கிள் பிரேக் கேபிளை மாட்டினேன். லீவரை இழுத்ததும் சூடா காத்து வந்துச்சு. பெருமையில மூடிப் பார்க்கவே தோணல.

நீடாமங்கலம் போறதுக்குள்ள, ஹீட்டரை நிறுத்த முடியாம வண்டி திரும்பி வந்துடுச்சு. கலியமூர்த்தி இறங்கி நேரா குழாயடியில காலை நீட்டினார். பார்வதி அம்மா முந்தானையால விசிறிக்கிட்டே கேட்டாங்க:

"இது காரா, நெல்லு அவிக்கிற அண்டாவா?"

பக்கத்துக் கடை

பக்கத்துக் கடையில பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுற மல்லிகா சத்தம் கேட்டு வந்தா. லீவரைத் தள்ளிப் பார்த்தா. கேபிள் நடுவுல துவண்டு நின்னுச்சு, வால்வு அசையல. பல இழை முறுக்கின அந்தச் சைக்கிள் கேபிளைக் கழட்டச் சொன்னா. பழைய அம்பாசடரை ஸ்டார்ட் பண்ண இழுக்கிற சோக் கேபிள் எங்கிட்ட கிடந்துச்சு, உள்ளே விறைப்பான ஒத்தைக் கம்பி. நான் அதைச் சட்டுனு மடக்கிக் கொண்டுபோனேன், இறுகிப்போச்சு. அவ வாங்கி, வாய்க்காலைத் திருப்புற மாதிரி அகலமா வளைச்சுக் கொண்டுபோனா. வால்வை முழுசா மூடி வச்சுட்டு, அதுக்கப்புறம்தான் கேபிளைப் பிடிக்கிற கிளிப்பை முடுக்கினா. லீவர் ஒரு விரலுக்கு ஓடுச்சு. என் சொந்த வேலைக்குக்கூட நான் அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்ல. அவ மட்டும் சாதாரணமாக் கேட்டா:

"கயித்தைப் பிடிச்சு மாட்டை இழுக்கலாம், தள்ள முடியுமா அண்ணே?"

மலையிலேருந்து போன்

அடுத்த வாரம் போன் அடிச்சுது. பார்வதி அம்மாதான். மழையும் பனியுமா இருந்தும் கண்ணாடி பளிச்சுன்னு இருந்துச்சாம். வண்டியை யாருக்கு விக்கிறீங்கன்னு கேட்டேன்.

"வாயைக் கழுவுங்க மேஸ்திரி! எங்க மாமனார் வண்டியாக்கும்!"

ஆனா கீழே இறங்கினதும் கலியமூர்த்தி லீவரைத் தப்பான பக்கம் தள்ளி மறுபடியும் வெந்திருக்கார். சூடு எந்தப் பக்கம்னு போட்டிருந்த எழுத்து எப்பவோ அழிஞ்சுபோச்சு. ஊர் திரும்புற வழியில அவர் பட்டறையில வந்து நிக்க, மல்லிகா ஒரு பொடி பிரஷ்ஷை எடுத்து, லீவரோட ஒரு முனையில ‘ஊட்டி’, மறுமுனையில ‘நன்னிலம்’னு எழுதிட்டு, பாதியில விட்ட மோட்டாரைக் கட்டப் போயிட்டா.