மரக்காணத்து ரத்தமும் என் தெர்மாகோல் பெட்டியும்

ஆராய்ச்சி மாணவனின் தொழில், ஊராரை ஊசியால் குத்திவிட்டு வந்து பேராசிரியரிடம் வார்த்தையால் குத்து வாங்குவது. அப்படி வாங்கிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, கேளுங்கள்.

வாயிருக்க ரத்தம் எதற்கு

2005 கோடை. உடம்பில் புண் வந்தால், செல்கள் சில புரதங்களைச் சுரந்து ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும். அதில்தான் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. எந்த வகைச் செல் எந்தப் புரதத்தைச் சுரக்கிறது? இதுதான் என் ஆராய்ச்சி. உப்புத் தண்ணீரிலேயே நின்று கால் வெடித்துப் புண்ணானவர்களின் ரத்தம் வேண்டும். அதிலுள்ள வெள்ளணுக்களை வகைவகையாகப் பிரித்து, தனித்தனியே வளர்த்துப் பார்க்க வேண்டும். செல்கள் உயிரோடு புதுச்சேரி போய்ச் சேர்ந்தால்தான் எனக்குப் பட்டம்.

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்சவேணி அக்காவிடம் இதையெல்லாம் அரை மணி நேரம் விளக்கினேன். வெயிலில் எனக்குத்தான் மயக்கம் வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காலு எரியுதுன்னு நானே வாயால சொல்றேன். அதுக்கு ரத்தம் எதுக்குப்பா?"

என் விஞ்ஞான மூளை

ஆனாலும் கையை நீட்டினார். அவரைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் நீட்டினார்கள். ரத்தக் குழாய்களை தெர்மாகோல் பெட்டிக்குள் அடுக்கினேன். அனுமந்தை மீன்காரர்களிடம் வாங்கிய ஐஸ் அதற்குள் பாதி கரைந்திருந்தது. ஐஸில் உப்புப் போட்டால் குளிர் ஏறும் என்று பள்ளியில் படித்தது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது. சுற்றிலும் மலைமலையாக உப்பு. இரண்டு கை அள்ளிப் போட்டேன்.

பஸ் பொம்மையார்பாளையம் தாண்டும்போது உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். விரல் மரத்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆய்வகத்தில் திறந்தால், ஆறு குழாயும் குச்சி ஐஸ். உறைந்ததில் செல்களெல்லாம் வெடித்து, உள்ளே இருந்த புரதங்கள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எது எந்தச் செல்லுடையது என்று கடவுளுக்கே தெரியாது. பேராசிரியர் கத்தவில்லை. "ஒவ்வொருத்தன் என்ன சொல்றான்னு தனித்தனியா கேக்கத்தானே அனுப்பினேன்? எல்லாரையும் கொன்னுட்டு வந்து நிக்கிறியே?" என்றார்.

மறுபடியும் கை நீட்டு

மறுபடி ரத்தம் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சி அதோடு சரி. மறுவாரம் போனேன். இயந்திரக் கோளாறு என்று சொல்லிவிடலாம் என பஸ்ஸில் ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தேன். அம்சவேணி அக்காவின் காலைப் பார்த்ததும் பொய் வரவில்லை. புண் போன வாரத்தைவிடப் பெரிதாகியிருந்தது. உண்மையைச் சொன்னேன். உப்பளமே சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் சிரிக்கவில்லை. வாருபலகையைக் கீழே வைத்தார், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். ஊசி ஏறும்போதுதான் கேட்டார்: "உப்பு பட்டா என்னா ஆவும்னு எங்க காலப் பாத்துமா உனக்குத் தெரியல?"

எந்தச் செல் எந்தப் புரதத்தைச் சுரக்கிறது என்று ஒருவழியாகக் கண்டுபிடித்து டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டேன். அந்த அக்கா கேட்டதற்குத்தான் இன்னும் பதில் எழுதவில்லை.