சாம்பலுக்கு வாரண்டி இல்லை

புதிய கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து, எடிட் செய்த கல்யாண வீடியோவை ஒரே ஃபைலாக்க ரெண்டர் கொடுத்தாலே கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடுகிறது. வீடியோவை ஞாயிற்றுக்கிழமை கொடுத்தாக வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கார்டு வாங்கிய திருவொற்றியூர் கடைக்கே இன்று போனேன்.

கடைக்காரர் திறந்து பார்த்தார். "இன்னா தம்பி, இந்தக் கார்டுக்கு அறுநூத்தம்பது வாட் பவர் சப்ளை வேணும். உன்கிட்ட நானூத்தம்பதுதான் கீது. லோடு ஏறுனா ஆஃப் ஆவாம இன்னா பண்ணும்?"

"வாங்கும்போதே கேட்டேனேண்ணா! 'அதெல்லாம் தாங்கும், எட்த்துகினு போ'ன்னு நீதானே சொன்ன? இப்ப கார்டை மாத்திக் குடு."

அவர் பவர் சப்ளையைக் கழற்றி மேசைமேல் தட்டினார். சாம்பல் கொட்டியது. அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"எண்ணூரா நீ? உள்ள சாம்பல் பூந்துகீது பாரு. இதுக்கெல்லாம் வாரண்டி கெடையாது நைனா."

"துணி போட்டு மூடித்தாண்ணா வெச்சிருந்தேன். எங்க தெருவுல எல்லாரும் அப்டித்தான்."

"மூடிட்டியா? அப்ப காத்து போவாம சூடாயிருக்கும். அதுக்கும் வாரண்டி கெடையாது."

அவர் வாயால் சொன்ன 'தாங்கும்' என்ற வார்த்தைக்கு வாரண்டி உண்டா என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

பெட்டியோடு வீடு திரும்பினேன். வாசலில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த நிலக்கரியின் சாம்பல் என் பெட்டிக்குள். பெட்டிக்குத்தான் கரண்ட் போதவில்லையாம்.

எண்ணூர், மணலி மக்களே, நீங்கள் கம்ப்யூட்டரை மூடி வைக்கிறீர்களா, திறந்து வைக்கிறீர்களா? எப்படி வைத்தால் நம்மேல் பழி விழாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.