சிவப்பு இரண்டு, வீக்கம் ஒன்று

அம்மா இருபத்தாறு வருடம் முயல்களின் முதுகுக்கு மதிப்பெண் போட்டாள். முதுகில் கொஞ்சம் ரோமம் மழித்து, சோதிக்க வேண்டிய ரசாயனத்தைத் துணிப்பட்டையில் தடவி நான்கு மணி நேரம் ஒட்டிவைப்பார்கள். எடுத்த பிறகு ஒரு மணி நேரத்தில், இருபத்துநான்கில், நாற்பத்தெட்டில், எழுபத்திரண்டில் தோலைப் பார்ப்பது அவள் வேலை. சிவப்புக்குச் சைபரிலிருந்து நான்கு வரை. வீக்கத்துக்கும் அப்படியே. கூண்டறையில் அவளுக்கு 'மார்க் டீச்சர்' என்று பெயர்.

வீட்டிலும் இதே கதைதான். நான் சிராய்ப்போடு வந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ரெண்டு. நாளைக்குப் பாப்போம்" என்பாள். சித்தப்பா சவரம் செய்துகொண்டு வந்தால், "கன்னம் ஒண்ணு. மூக்கு மூணு. அது பிளேடால வந்தது இல்ல."

நானும் அதே துறைக்கு வந்தேன். முயல் கிடையாது, தட்டில் வளர்த்த மனிதத் தோல்.

"அது சிவக்குமாடி?"

"ரத்தம் ஏதும்மா சிவக்க? எத்தனை செல் உயிரோட இருக்குன்னு மிஷின் சொல்லும்."

"அப்போ உனக்குக் கண்ணே வேணாம். சம்பளத்த மிஷினுக்குக் குடுக்கச் சொல்லு."

ஓய்வுபெற்ற பின் தனியாக இருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை தகர டப்பாவின் விளிம்பு கணுக்காலைக் கிழித்தது. அன்றே போனில் சொன்னாள். மறுநாள் மறுபடி போன் செய்தாள்.

"சிவப்பு ஒண்ணு. வீக்கம் சைபர்."

புதன்கிழமை, "சிவப்பு ரெண்டு. வீக்கம் ஒண்ணு."

"பேனாவால சுத்தி கோடு போட்டு வை. எழுபத்திரண்டு வரைக்கும் பாத்துட்டு டாக்டர்கிட்ட போலாம்."

"சரிங்க மேடம்," என்றாள். சிரித்தாள் என்றே நினைத்தேன்.

எழுபத்திரண்டு மணி நேரம் என்பது ரசாயனத்துக்கு உள்ள கெடு. துடைத்தெடுத்த ரசாயனம் பெருகாது. கிருமி பெருகும். எனக்குத் தெரியாத விஷயமில்லை. பரீட்சையில் எழுதித் தேறியிருக்கிறேன்.

வியாழன் காலை அம்மா பேசவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் பேசினாள். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது சிவப்பு கோட்டைத் தாண்டி, முழங்காலையும் தாண்டியிருந்தது. அம்மாவுக்கு நினைவில்லை. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர்.

"வலி எப்போ ஆரம்பிச்சுது?"

நான் தேதி, நேரத்தோடு எண்களைச் சொன்னேன். அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அக்கா குறுக்கிட்டாள்.

"செவ்வாய்க்கிழமையே நெருப்பா எரியுதுன்னாங்க டாக்டர். நேத்து குளிர்ல ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுது." என் பக்கம் திரும்பினாள். "உன்கிட்ட சொல்லலியாம்மா?"

சொல்லவில்லை. அம்மா இருபத்தாறு வருடம் நிரப்பிய படிவத்தில் வலிக்குக் கட்டம் கிடையாது. என்னுடையதிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் போய்விட்டாள்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இரண்டு நாளும் போனை எடுத்தவுடன் நான் கேட்டது, "எவ்வளவும்மா?"